என் கண்ணுக்கு மட்டும் தெரிந்த கீறல்

போன வாரம் பாதி டியூப் டூத்பேஸ்ட்டைக் காருக்குத் தேய்த்தேன்.

காருக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்காதீர்கள். யூகேஜி படிக்கும் என் மகள் ஆதிரா அதை ஏற்கெனவே கேட்டுவிட்டாள். கேட்டதோடு நிற்காமல், வகுப்பு டீச்சரிடமும் சொல்லிவிட்டாள். மறுநாள் அந்த டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அதை விடுங்கள்.

எல்லாம் உறைபனியால் வந்தது. இல்லை, பனியின் மேல் பழி போடக்கூடாது. எல்லாம் ஒரு தோசைக் கரண்டியால் வந்தது.

மலை மேல் எங்கள் லவ்டேல் பக்கம் ஜனவரி காலை எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கீழே சமவெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்கும். வெளியே நிற்கும் காரின் முன்கண்ணாடி மேல் யாரோ கல் உப்பை அரைத்து அப்பியது போல் பனி உறைந்திருக்கும். வைப்பரைப் போட்டால் வைப்பர்தான் கதறும், பனி அசையாது. விவரமானவர்கள் ராத்திரியே கண்ணாடி மேல் சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த எங்களுக்கு இது இரண்டாவது குளிர்காலம். புத்தி மட்டும் இன்னும் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. அன்றைக்குச் சாக்கைப் போட மறந்துவிட்டோம்.

ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது. ஆதிரா குரங்குக் குல்லாவோடு பின்சீட்டில் உட்கார்ந்தாயிற்று. தண்ணீர் ஊற்றலாம் என்றால் குழாயிலும் வரவில்லை, அதுவும் உறைந்துவிட்டது. நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். கையில் தோசைக் கரண்டி.

"தள்ளு. ரெண்டே நிமிஷம்."

கரக்... கரக்... கரக்... அந்தச் சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

"ஏனுங்க, கீறல் உளுந்துரப் போகுது."

"கண்ணாடில எங்க கீறல் உளுகும்? இதென்ன உன்ற ஃபோனா?"

ஸ்டியரிங்குக்கு நேராக ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சுரண்டி எடுத்தார். தெரியுதில்ல, கெளம்பு என்று கதவைத் தட்டினார். உதவி செய்த திருப்தி முகத்தில் வழிந்தது. அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

ஸ்கூல் போகும் வழியில் ஒரு வளைவு இருக்கிறது. அதைத் திரும்பியதும் ரோடு கிழக்கே பார்த்து ஏறும். காலைச் சூரியன் நேராக முகத்தில் அடிக்கும். அன்றைக்கு அந்த வளைவைத் திரும்பினேன் - எதிரே ரோடு இல்லை. கண்ணாடியில் ஒவ்வொரு கீறலும் டியூப்லைட் போல எரிந்தது. அந்த வெளிச்ச வலைக்குப் பின்னால் எங்கேயோ ரோடு இருந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் சொன்னேன். அவர் வெளியே நின்று பார்த்தார். நிழலில் ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே உட்கார்ந்து பார்த்தார், தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் அதே வழியில் அவரே காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். ரோடு பளிச்சென்று தெரிகிறதாம்.

"கண்ணாடில ஒண்ணுமில்ல. உனக்குப் பயம். அதத் தூக்கி கண்ணாடி மேல போடறே."

சுருக்கென்றது. ஏனென்றால், பயம் எனக்கு உண்டு. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கும் உங்களுக்குத் தெரியும், கேஸை மூடினேனா என்று பார்க்க நான் பாதி வழியிலிருந்து திரும்பி வரும் ஜாதி. போன வருடம்தான் லைசென்ஸ் வாங்கினேன். அதற்கு முன் ஆதிரா வேனில் போனாள். ஊரெல்லாம் சுற்றி ஏற்றிக்கொண்டு போகும் வேன். வளைவுக்கு வளைவு வாந்தி. வாடிய கீரைத்தண்டு மாதிரி ஸ்கூலில் போய் இறங்குவாள். அதைப் பார்க்க முடியாமல்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நான் கார் ஓட்டக் கற்றேன்.

இப்போது 'ரோடு தெரியவில்லை' என்று இன்னொரு முறை வாயைத் திறந்தால் என்ன ஆகும்? கோயம்புத்தூரிலிருந்து மாமியார் போனில் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார்.

"எதுக்குக் கண்ணு உனக்கு வம்பு? பேசாம வேன்ல ஏத்தி உட்ரு."

அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொல்வதால்தான் மறுத்துப் பேச முடிவதில்லை.

ஒருவேளை கோளாறு என் கண்ணில்தானோ என்று அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனேன். பார்வை பிரமாதம் என்றார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? நானோ, 'அப்படியானால் மனசில்தான் கோளாறு' என்று கவலைப்பட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

சரி, யாருக்கும் தெரியாமல் நாமே சரிசெய்துவிடலாம் என்று ஸ்கூல் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் 'கண்ணாடிக் கீறல் போக என்ன செய்யலாம்?' என்று ஒரு வரி போட்டேன். போட்டிருக்கக் கூடாது. சமையல் சோடா என்றார் ஒருவர். சோடா கூடவே கூடாது, வினிகர் என்றார் அடுத்தவர். நிறமில்லாத நெயில் பாலிஷ், பித்தளை தேய்க்கும் க்ரீம், தேங்காய் எண்ணெய்... தேங்காய் எண்ணெய் எதற்கு என்று கேட்டேன். எதற்கும் நல்லதுதானே என்று பதில் வந்தது.

கடைசியில் டூத்பேஸ்ட் வென்றது. உடனே காரில் கைவைக்க எனக்கு என்ன பைத்தியமா? முதலில் ஹாலில் இருக்கும் டீப்பாய்க் கண்ணாடியில் பரீட்சை. கீறலின் மேல் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டினால் அது ஆழமான கீறல், வீட்டு வைத்தியம் பலிக்காது. மாட்டவில்லையென்றால் வெள்ளைப் பேஸ்ட் கொஞ்சம் (ஜெல் உதவாது), மெத்தென்ற ஈரத்துணி, வட்ட வட்டமாகப் பொறுமையாகத் தேய்த்து, சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். நம்பினால் நம்புங்கள் - ஆதிரா பொம்மை பஸ் ஓட்டி உண்டாக்கிய மெல்லிய கீறல் ஏறக்குறைய மறைந்தேவிட்டது. உங்கள் வீட்டு டீப்பாய்க்குத் தாராளமாகச் செய்யலாம்.

அந்தத் தைரியத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை அவர் காய் வாங்கப் போன நேரத்தில் காரில் கைவைத்தேன். முன்கண்ணாடியிலும் நகம் மாட்டவில்லை. தேய்த்தேன். தோள் கழன்று விழும்வரை தேய்த்தேன். துடைத்துப் பார்த்தால்... கீறல்கள் கொஞ்சம் மங்கியிருந்தன. கூடவே அந்தத் தட்டு அளவு இடம் முழுவதும் மோர் ஊற்றியது போல மங்கியிருந்தது.

அதன்பிறகு இணையத்தில் தேடிப் படித்தேன். செய்து முடித்த பிறகு படிப்பதுதானே என் வழக்கம்! ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக இருக்கும் இடத்தை வீட்டில் தேய்க்கவே கூடாதாம். கீறல் போனாலும் வெளிச்சம் சிதறுமாம், நேரான ரோடும் நெளிந்து தெரியுமாம். கடையில் காட்டி, மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிவிடுவதுதான் ஒரே வழியாம். இதை என் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆத்மாகூடச் சொல்லவில்லை.

அதற்குக் கடையில் காட்ட வேண்டும். கடையில் காட்ட அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால்... வேன்.

திங்கட்கிழமை அதே வளைவு, அதே சூரியன். ஊர்ந்துதான் போனேன். பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. எதிரே வெள்ளைப் புகை மாதிரி வெளிச்சம். அதற்குள் ஏதோ கருப்பாக... மரத்தின் நிழலா? எதற்கும் இருக்கட்டும் என்று பிரேக்கை மிதித்தேன். நிழல் தலையைத் திருப்பிப் பார்த்தது.

காட்டெருமை. பானெட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான் இடம்.

ஜீப்பின் ஹாரன் நின்றுவிட்டது. எருமை எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலத் தேயிலைக்குள் இறங்கிப் போனது. நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. பின்னாலிருந்து ஆதிரா, "அம்மா, மாடு போயிருச்சு. போலாம்" என்றாள். அவள் பக்கவாட்டு ஜன்னல் வழியாக முன்பே பார்த்துவிட்டாளாம். எனக்கும் தெரியும் என்று நினைத்துச் சும்மா இருந்தாளாம்.

அன்று இரவு எல்லாவற்றையும் சொன்னேன், டூத்பேஸ்ட் உட்பட. அவர் திட்டவில்லை. கொஞ்ச நாளைக்கு வேனில் போகட்டும், உனக்கும் நிம்மதி என்றார். எனக்கே அதுதான் சரியோ என்று தோன்றிவிட்டது. பயந்தவளிடம் குழந்தையை எப்படி நம்பிக் கொடுப்பது?

மறுநாள் அவரே ஸ்கூலில் விடுவதாக ஏற்பாடு. நான் பக்கத்து சீட்டில். டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் வழக்கம்போல லீவரை இழுத்து சீட்டைப் பின்னால் தள்ளினார். நான் தினமும் முன்னால் இழுப்பேன், அவர் பின்னால் தள்ளுவார். அதைப் பார்த்த நொடியில் எனக்கு உறைத்தது. அவர் ஆறடி. நான் ஐந்தடியை எட்டிப் பிடித்தவள். அவர் இத்தனை நாளும் கீறலுக்கு மேலே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

"ஏனுங்க, சீட்டை நான் வெச்ச எடத்துக்கே இழுங்க. கீழ சறுக்கி உக்காருங்க."

"என்ன விளையாட்டு இது? முட்டி இடிக்குது."

"இடிக்கட்டும். இன்னும் கீழ."

"எவ்வளவுதான் கீழ போறது?"

பின்சீட்டிலிருந்து பதில் வந்தது. "அம்மா அளவுக்குப்பா."

முட்டி இரண்டும் ஸ்டியரிங்கில் இடிக்க, முனகிக்கொண்டே உருட்டினார். வளைவு வந்தது. திரும்பினார். சூரியன் அடித்தது. கார் நின்றது.

தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார். பிறகு கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, "ரோடே காணோம்..." என்றார். என் பக்கம் திரும்பினார். "இத வெச்சுட்டா தெனமும் ஓட்டிட்டிருந்தே?"

"ஆமாங்க. பயந்துட்டேதான் ஓட்டுனேன்."

கண்ணாடியை மாற்றியாகிவிட்டது. வேன் பேச்சை அவரும் எடுக்கவில்லை. மாமியாரிடம் என்ன சொன்னாரோ, அங்கிருந்தும் சத்தமில்லை. இத்தனை நாளும் நான் வாயால் சொன்னதற்கு இல்லாத மதிப்பு அவர் முட்டியில் பட்ட இடிக்கு இருந்திருக்கிறது. இனி வீட்டில் எதையாவது 'எனக்குத் தெரியலையே' என்று அவர் சொன்னால், முதலில் குனியச் சொல்வதாக இருக்கிறேன்.

நேற்றுக் காலை மறுபடியும் உறைபனி. நான் ராத்திரியே போட்டிருந்த சாக்கை உருவி எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவர் குரல்: "கரண்டியக் கொண்டு வரட்டுமா?"

"வேண்டாமுங்க. அங்க தோசை கருகுது, அதத் திருப்பிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுக் காரைக் கிளப்பினேன்.