கடலைக்குள் எண்ணெய் பார்த்த காலம்

எண்ணெய் வித்து ஆய்வகத்தில் வேலை பார்ப்பவருக்கு ஒரு பிடி கடலையை நிம்மதியாகக் கொறிக்கும் யோகம் இந்த ஜென்மத்தில் கிடையாது. கையில் எடுத்ததுமே இதன் எண்ணெயில் எது கூட, எது குறைவு என்று மனசு ஓட ஆரம்பித்துவிடும். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, "உள்ள உக்காந்து என்னதான் பண்றீக?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே நாக்கு வறண்ட சக பாவிகளுக்கு இது புரியும். நான் சின்னமனூர்க்காரி. தொண்ணூறுகளின் கடைசியில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு விதைக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பண்ணையில் சேர்ந்தேன். அங்கே கண்ணால் பார்த்த சிலவற்றை இன்றைக்கும் முழுசாக நம்ப முடியவில்லை.

மூக்கைத் தொடாதே

செல்வராஜ் சார்தான் எங்கள் பண்ணையில் புது ரகங்களை உருவாக்குபவர். முதல் நாளே என் கையில் ஒரு பிளேடையும் ஒரு கடலைப் பருப்பையும் கொடுத்தார். "மூக்குப் பக்கம் முளை இருக்கு, அதைத் தொடாத. பின்பக்கம் ஒரு சீவல் மட்டும் எடும்மா" என்றார். சீவல் லேப் இயந்திரத்துக்கு, மிச்சம் மண்ணுக்கு. விதையைக் கொல்லாமலே அதன் எண்ணெயைத் தெரிந்துகொள்ளும் வழி இது. பூச்சி மருந்து அடித்துக் கொன்றிருக்கிறேனே தவிர, உயிரோடு ஒன்றை நறுக்கியதில்லை.

நறுக்கிய பருப்புகளைத் தட்டில் அடுக்கி, வயல்காட்டுப் பெண்களுக்குத் தலைவியான பேச்சியக்காவிடம் கொண்டுபோனேன். "எலி கடிச்சுப் போட்டதையெல்லாம் ஊனச் சொல்றாகளா?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் ஊன்றினார். உள்ளுக்குள் நானும் அவர் கட்சிதான். ஒருநாள் காலையில் லேப் ஜன்னலைத் தட்டி என்னை இழுத்துக்கொண்டு போனார். மண்ணைப் பிளந்துகொண்டு வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பருப்பிலும் என் பிளேடு பட்ட தழும்பு, அதற்கு நடுவில் பச்சைக் குருத்து. இரண்டு பேரும் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தோம். பேச்சியக்கா ஒரு குருத்தை விரலால் தொட்டுச் சொன்னார்: "காது குத்துன புள்ள அழுது முடிச்சிட்டு வெளாடப் போன மாதிரில்ல நிக்குது!"

மில்லைக் கழுவிய ராவுத்தர்

இயந்திரம் செய்வது இதுதான். எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்களை ஒன்றொன்றாகப் பிரித்து, காகிதத்தில் மலை மலையாக வரைந்து காட்டும். கடலை எண்ணெயில் பெரிய மலை இரண்டு. ஒன்று ஒலியிக் அமிலம், இன்னொன்று லினோலியிக் அமிலம். ஒலியிக் கூடுதலாக இருந்தால் எண்ணெய் நாள்படக் கெடாமல் நிற்கும். லினோலியிக் கூடினால் காற்றுப் பட்டுச் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும்.

உத்தமபாளையத்தில் எண்ணெய் மில் வைத்திருந்த ஒரு ராவுத்தர், இரண்டு பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். கோடையில் விளைந்த கடலையில் ஆட்டிய எண்ணெய் நன்றாக நிற்கிறதாம். குளிர்காலத்துக் கடலையில் ஆட்டியது மட்டும் சீக்கிரம் காறுகிறதாம். வாடிக்கைக்காரர்கள் முகம் சுளிக்க, மில்லில்தான் அழுக்கு என்று நினைத்து, ஆட்களோடு சேர்ந்து அவரே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் கழுவியிருக்கிறார். மறு வருஷமும் அதே காறல். தலைமுறை தலைமுறையாக நடக்கிற மில் தன் கையில் கெட்டுப்போகிறதே என்று மனிதருக்குத் தூக்கமில்லை.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். வேறு எண்ணெய் எதுவும் கலந்திருக்கவில்லை. ஆனால் குளிர்காலத்து எண்ணெயில் லினோலியிக் மலை உயர்ந்து நின்றது. காய் முற்றும்போது குளிர் அடித்தால், செடி ஒலியிக்கைக் கூடுதலாக லினோலியிக்காக மாற்றிக்கொள்ளும். குளிரில் உறையாமல் இளகி இருப்பது அதுதான். இதைச் சொன்னதும் ராவுத்தர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மில்லின் மேல் பழியில்லை என்ற நிம்மதியை விட வேறு ஏதோ ஒன்று அவர் முகத்தில் பரவியது. ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப நாம போர்வை தேடுற மாதிரி அதுவும் உள்ளுக்குள்ள தேடுதுன்னா சொல்றே, ஆத்தா?"

ஒரு பூவும் பல அப்பன்மாரும்

சுருளிப்பட்டியில் ஈஸ்வரன் என்ற விவசாயி, ஒலியிக் கூடுதலான எங்கள் சூரியகாந்தி ரகத்தைச் சோதனைக்குப் போட்டிருந்தார். அறுவடை விதையில் தரம் அங்கங்கே குறைந்திருந்தது. அறுவடையில் பழைய விதையைக் கலந்துவிட்டார் என்று கம்பெனியில் ஒருவர் பேசிவிட்டார். ஈஸ்வரன் கோபத்தில் முழுப் பூக்களையே வரிசை வாரியாகச் சாக்குகளில் கட்டி லேப் வாசலில் இறக்கி, "நீங்களே உதுத்துப் பாருங்க. கலந்திருந்தா நான் ஏன் பூத்தலையோட கொண்டாரேன்?" என்றார்.

பக்கத்துக் காட்டை ஒட்டிய வரிசையின் சாக்கிலிருந்து ஒரு பூவை எடுத்து, விதை விதையாகப் பார்த்தேன். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு விதைகள்கூட ஒரே மாதிரி இல்லை. ஒன்றில் எங்கள் ரகத்தின் எண்ணெய், அடுத்ததில் குறைந்த தரம். பக்கத்துக் காட்டில் நின்றது சாதாரண சூரியகாந்தி. தேனீக்கள் அங்கிருந்து மகரந்தத்தை அள்ளி வந்து அப்பியிருக்கின்றன. விதைக்குள் இருக்கும் எண்ணெயை அம்மாவோடு சேர்ந்து அப்பாவும்தான் தீர்மானிக்கிறார். நடு வயல் பூக்களில் விதையெல்லாம் சுத்தமாக இருந்தது. அப்படிப் பேசிய கம்பெனிக்காரர் ஈஸ்வரனிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். ஈஸ்வரன் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. அந்தப் பூவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி இருந்தார்: "ஒரே தலையில இத்தன அப்பனுக்குப் பெத்து வச்சிட்டு, எப்படி வட்டமாச் சிரிக்குது பாருங்க!"

காணாமல் போன மலை

எங்கள் பக்கத்துக் கடலை நன்றாகக் காய்க்கும், ஆனால் எண்ணெய் நிற்காது. வெளியிலிருந்து வந்த ஒரு ரகத்தில் ஒலியிக் கொட்டிக் கிடக்கும், ஆனால் நம் மண்ணில் காய்ப்பு போதாது. இரண்டையும் இணைக்க செல்வராஜ் சார் முடிவெடுத்தார். பேச்சியக்கா குழு சாயங்காலம் மொட்டைப் பிரித்து ஆண் பாகத்தை நீக்கும், விடிந்ததும் மற்றதன் மகரந்தத்தைத் தடவும். மூக்குத்தி திருகாணியைக் கழற்றுகிற மாதிரி நுணுக்கமான வேலை. முதல் தலைமுறைக் கடலையை நறுக்கிப் பார்த்தால், எல்லாமே பழையபடி இரண்டு மலை. பேச்சியக்காவுக்கு முகம் தொங்கிவிட்டது. சார் மட்டும் அசரவில்லை. அந்தக் குணத்தை ஆளும் மரபணு இரண்டு, இரண்டிலும் மாற்றம் வேண்டும், அதுவும் தாய் வழி, தகப்பன் வழி இரண்டிலும் வந்து சேர வேண்டும், அடுத்த தலைமுறையில் பதினாறில் ஒன்றுக்கு அது வாய்க்கும் என்றார்.

அடுத்த தலைமுறைச் சீவல்களை ஓட்ட ஆரம்பித்தேன். இரண்டு மலை, இரண்டு மலை, மறுபடி இரண்டு மலை. ஒரு மத்தியானம் ஒலியிக் மலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. லினோலியிக் வரவேண்டிய இடத்தில் வெறும் எறும்புப் புற்று. இயந்திரக் கோளாறு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். அதே எறும்புப் புற்று. ஓடிப்போய் சாரைக் கூட்டிவந்தேன். அவர் காகிதத்தைப் பார்த்தார், தட்டில் இருந்த அந்த அரைப் பருப்பைப் பார்த்தார். சத்தம் போட்டால் அது கேட்டுவிடும் என்பது போல மெதுவாகச் சொன்னார்: "ஒரு தலைமுறை முழுக்க மூச்சே காட்டாம உள்ள இருந்திருக்கேம்மா!"

மழை கொண்டுபோன சீட்டு

அப்படிக் கிடைத்த விதைகளை வயலில் ஊன்றி, ஒப்பிட்டுப் பார்க்கச் சாதாரண விதைகளையும் கூடவே ஊன்றினோம். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே செடி. அதே இலை, அதே மஞ்சள் பூ. ஒவ்வொன்றின் பக்கத்திலும் குச்சி நட்டு, எண் எழுதிய சீட்டைக் கட்டியிருந்தோம். காய் முற்றுகிற நேரம், ஐப்பசி மழை ஊற்றியது. வாய்க்கால் உடைத்துக்கொண்டு, காலையில் போய்ப் பார்த்தால் வயல் குளமாகக் கிடக்கிறது. குச்சியும் இல்லை, சீட்டும் இல்லை.

பேச்சியக்கா முழங்கால் தண்ணீரில் நின்று, "ஏலே, வரப்பை வெட்டுங்கலே!" என்று கத்திக்கொண்டே தானும் மண்வெட்டியை எடுத்தார். ஊறிய மண்ணில் விட்டால் காய் அழுகும், இல்லையென்றால் அங்கேயே முளைத்துவிடும். நானும் சாரும் சேற்றில் இறங்கினோம். செடி செடியாகப் பிடுங்கி, ஒன்றோடு ஒன்று கலக்காமல் தனித்தனித் துணிப்பையில் போட்டுக் கட்டினோம். காய்கள் பெரும்பாலும் பிழைத்துவிட்டன. ஆனால் எது எந்தச் செடி என்று தெரியவில்லையே! பேச்சியக்கா வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு ஆறுதல் சொல்லப் போய், நானும் அழுதேன்.

காய்ந்த பிறகு, ஒவ்வொரு பையிலும் சில பருப்பை எடுத்து நறுக்கி ஓட்டினேன். முதல் பைகளில் இரண்டு மலை, ஆங்காங்கே ஏற்ற இறக்கம். பிறகு ஒரு பை வந்தது. முதல் பருப்பில் எறும்புப் புற்று. இரண்டாவதிலும். அந்தப் பையில் எடுத்த ஒவ்வொரு பருப்பிலும் அதே. இரண்டு மரபணுவும் சேர்ந்து வாய்த்த செடிக்கு, தன் மகரந்தத்தாலேயே காய்க்கும்போது வேறு மாதிரி காய்க்கத் தெரியாது. தேடிய செடிகள் ஒவ்வொன்றாகத் தாங்களாகவே வெளியே வந்தன. பேச்சியக்காவைக் கூப்பிட்டுக் காகிதங்களை வரிசையாகப் பரப்பிக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றின் மேலும் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, கடைசியில் என்னைப் பார்த்தார்: "நாமதான் தொலைச்சோம்னு அழுதோம், அதுக தொலையவே இல்லையேடி!"

ஒரு கடலை தனக்குள் என்ன எண்ணெய் செய்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள எங்களுக்குக் குளிர்சாதன அறையும் இயந்திரத்தை ஓட்ட மூன்று கேஸ் சிலிண்டரும் விடாத கரண்டும் தேவைப்பட்டன. அதைச் செய்துகொள்ளக் கடலைக்கு இவை எதுவுமே தேவைப்படவில்லை என்பதை எந்த ஆண்டறிக்கையிலும் நாங்கள் எழுதியதில்லை.