தாடைக்குக் கீழே அடித்த வெயில்

லூபஸ் பெரும்பாலும் பெண்களுக்கு வரும் நோய் என்று டாக்டரம்மா சொன்னபோது, "அப்ப ரிப்போர்ட் மாறிப்போயிருக்கும் மேடம், நல்லா பாருங்க" என்ற ஆள் நான். மாறவில்லை. என் உடம்பே என்னை எதிரி என்று நினைத்துச் சண்டை பிடிக்கிறதாம்.

எனக்கு மரக்காணம் உப்பளத்தில் வேலை. வெயில் ஆகாது என்றார்கள். தொப்பி, முழுக்கைச் சட்டை, வேளை தவறாமல் மாத்திரை. அப்படியும் முகத்தில் பழைய சிவப்புத் தடிப்பு திரும்பி வந்தது. மாத்திரை கைவிட்டுவிட்டது, கதை முடிந்தது என்று தீர்மானித்தேன். மனைவியை உட்காரவைத்து, உயில் சொல்வதுபோல் செல்போன் பாஸ்வேர்டைச் சொன்னேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியுமே" என்றாள். போனில் எதையெல்லாம் பார்த்தாளோ என்ற பயம் சாவுப் பயத்தைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

அந்த வாரம் புதுச்சேரி மருத்துவமனையில் டாக்டரம்மா ஒரு கூட்டம் நடத்தினார். ஊர்ப்பக்கத்து நோயாளிகளுக்கு மட்டும் நோய் ஏன் முற்றிவிடுகிறது என்று ஆராய ஒரு கேள்வித்தாள் போட்டிருந்தார்கள். அது சரிதானா என்று நோயாளிகளையே கூப்பிட்டுக் கேட்டார்கள். வட்டமாகப் பெண்கள், நடுவில் நான் ஒருவன்.

தொப்பி உண்டா? உண்டு. முழுக்கை? உண்டு. எல்லாவற்றுக்கும் டிக் போட்டு நிமிர்ந்தேன். பக்கத்திலிருந்த கோட்டக்குப்பத்துப் பெண் விடவில்லை.

"அண்ணே, ஃபுல் மார்க் வாங்கின மூஞ்சியா இது? நெத்தி நல்லாத்தான் இருக்குது. தாடைக்குக் கீழதான் தக்காளி மாதிரி இருக்குது."

மொத்தக் கூட்டமும் என் தாடையைப் பார்த்தது. கல்யாணத்தன்றுகூட இத்தனை பெண்கள் என்னைப் பார்த்ததில்லை. தாடையை மறைக்கக் கையைத் தூக்கினேன், தாள் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

"இன்னாண்ணே, இடுப்பு புடிச்சிக்கிச்சா?"

"இல்லம்மா. நான் உப்பு வார்றது இப்படித்தான், குனிஞ்சிக்கிட்டே. தொப்பி மேல இருக்குது, வெயில் கீழேர்ந்துல்ல வருது! பாத்தி பூரா வெள்ளை உப்பு. கண்ணாடி மாதிரி மூஞ்சியில தூக்கி அடிக்குது."

டாக்டரம்மா என்னை மறுபடி குனியச் சொல்லிப் பார்த்தார். "இது எங்களுக்குத் தோணவே இல்லைங்க" என்று கேள்வித்தாளில் ஒரு வரி சேர்த்தார்: தரையிலிருந்து வெளிச்சம் முகத்தில் அடிக்கிறதா?

"அப்ப நான் சாவலையா மேடம்?"

"மாத்திரைய இப்போ மாத்த வேணாம். முகத்தைக் கீழயும் மூடுங்க. நிழல்ல வேலை கேட்டுப் பாருங்க. அடுத்த மாசம் ரத்தம் பாத்துட்டுச் சொல்றேன்."

முதலாளியிடம் கெஞ்சி, கொட்டகைக்குள் மூட்டை தைக்கும் வேலைக்கு மாறினேன். முதல் மூட்டையோடு என் சட்டைக்கையையும் சேர்த்துத் தைத்தேன்.

அடுத்த மாதம் சிவப்பு வடிந்த தாடையையும் ரிப்போர்ட்டையும் பார்த்துவிட்டு டாக்டரம்மா அதே மாத்திரையை எழுதினார். எதையும் மாற்றாததற்காக ஒரு டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டது அன்றுதான்.