கோட்டுப் போட்ட திருஷ்டி பொம்மை

பிள்ளைகளே, ஓமலூரில் எங்கள் வீடு பாதி எழும்பியிருந்தபோது, இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் என் மைத்துனன் ஒரு பெட்டி அனுப்பினான். அவன் குடியிருந்த வீட்டுக்கார அம்மா எங்கள் மகளுக்கென்று கொடுத்த பழைய விளையாட்டுச் சாமான்கள். அவன் பிரித்தே பார்க்கவில்லை. உள்ளே ஒரு துணிப் பொம்மை. கரி முகம், உருட்டு விழி, தடித்த சிவப்பு உதடு, பரட்டைத் தலை, மேலே கோட்டு.

மேஸ்திரி கைதட்டினார். “ஏனுங்க, திருஷ்டி பொம்மை லண்டன்ல இருந்தே வந்திருச்சு! கடையில எதுக்குங்க வாங்கோணும்?”

மாடித் தூணில் கட்டிவிட்டோம். தெருவே நின்று பார்த்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு மைத்துனன் தன்னோடு வேலை பார்க்கும் கறுப்பின அம்மா ஒருவரையும் அழைத்து வருவதாக இருந்தான். அதற்கு முந்தின வாரம் வீடியோ காலில் வீட்டைக் காட்டினேன். அலறிவிட்டான்.

“மாமா! மொதல்ல அத இறக்குங்க!”

அந்தப் பொம்மை ஒரு காலத்தில் அங்கே கதைப் புத்தகத்தில் இருந்ததாம், ஜாம் பாட்டிலில் இருந்ததாம், குழந்தைகளின் படுக்கையிலும் இருந்ததாம். கறுப்பு மனிதர்களைக் கேலி செய்ய வந்த உருவம். அதன் பெயரைச் சொல்லிச் சொல்லியே பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளை அழவைப்பார்களாம். வரப்போகும் அம்மாவும் அப்படி அழுதவர்தான்.

“ஏன்டா, நம்மூரு பொம்மையும் கருப்புதான?” என்றாள் என் மனைவி.

“அது பூதம்க்கா. இது மனுசங்களையே பூதமாக்குனது.”

வீடு தேடி வருகிறவரை வாசலிலேயே அழவைப்பதா? உடனே இறக்கினேன். மேஸ்திரி விடவில்லை.

“பால் காய்ச்சற வரைக்கும் ஊட்டு மேல ஒண்ணு தொங்கோணுங்க.”

கடைப் பொம்மைக்கும் அதே சிவப்பு உதடுதான். பயந்துபோய்ப் பூசணிக்காய் வாங்கினேன். அதில் என்ன முகம் வரைவது? கண்டவர் மிரள வேண்டும், யார் மனமும் நோகக் கூடாது.

மனைவி யோசிக்கவேயில்லை. “ஊரான் மூஞ்சி எதுக்குங்க? உங்க மூஞ்சியவே வரைஞ்சு வெச்சிருங்க.”

மகள் பெயிண்ட் எடுத்தாள். மீசை, புருவம், மூக்கு எதிலும் குறை வைக்கவில்லை.

அந்த அம்மா காரிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரித்து முடித்துவிட்டு ஏதோ கேட்டார்.

“உங்குளுக்குச் சம்மதமான்னு கேக்கறாங்க மாமா.”

“என் மூஞ்சி, என் ஊடு. சம்மதந்தாங்க!”

மைத்துனன் அதைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை. எங்கள் முகத்தை வரைந்தவர்கள் எங்களைக் கேட்டதேயில்லை என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பூசணி வேலை செய்ததா என்கிறீர்களா? ஒரு காக்காய்கூட மொட்டை மாடியில் இறங்கவில்லை என்கிறார் மேஸ்திரி.