பாதிப் பூவோடு காத்திருந்த அமுதா அக்கா

கணக்குப் படங்களை அசைய வைக்கும் கோடிங்கை எல்லாருக்கும் எளிதாகச் சொல்லித் தருகிறேன் என்று பிள்ளையார்பாளையத்தில் வகுப்பு தொடங்கி, முதல் வாரத்திலேயே நாலு பேரை ஓட வைத்தவள் நான். மிஞ்சியவர், பட்டுச் சேலைக்கு டிசைன் வரைகிற அமுதா அக்கா மட்டும்.

இன்று அவருக்குப் பயிற்சியாக ஒரு பூ கொடுத்தேன். திரையில் ஸ்லைடர் பொத்தானை இழுத்தால் இதழ்கள் விரிய வேண்டும்.

எழுதி முடித்து ரன் கொடுத்தார். பாதிப் பூதான் வந்தது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீதி எங்கக்கா?"

"வரும்மா. தறிக்கு நாங்க பாதிதான் வரைவோம். மறுபாதிய அதுவே திருப்பிப் போட்டுக்கும்."

"இது தறி இல்லக்கா. மீதியையும் நீங்கதான் எழுதணும்."

"எழுதினதையே திரும்ப எழுதறதுக்கு இன்னாத்துக்கும்மா கம்ப்யூட்டரு?"

அங்கேயே உட்கார்ந்து, பாதியை எழுதினால் மறுபாதி தானாக வரும்படி ஒரு கட்டளை சேர்த்தேன். அக்கா ஸ்லைடரை இழுத்தார். முழுப் பூ விரிந்தது.

"இப்பதான் இதுக்குப் புத்தி வந்துக்கினு இருக்குது," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

கட்டளைக்கு 'அமுதா' என்றே பெயர் வைத்துவிட்டேன்.

ஓடிப்போன நாலு பேரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வந்து ஆளுக்கொரு திட்டு திட்டிவிட்டுப் போங்கள். உங்கள் பெயர் வைக்க இன்னும் நாலு கட்டளை பாக்கி இருக்கிறது.