கோட்டு போடாத சித்தப்பா

என் இயந்திரம் ஓடுகிறதா இல்லையா என்பது தியாகதுருகத்தில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரியும். பக்கத்து வீட்டு அக்கா துணி காயப்போட வரும்போதெல்லாம், "இன்னா, மாவு மில்லு ஸ்டார்ட் ஆயிடுச்சா?" என்று மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பார். மொட்டை மாடியில் சிமென்ட் ஷீட் போட்ட அறை. அதில் ஒரு மேசை. மேசைமேல், கூரியரில் துண்டு துண்டாக வந்து நானே முடுக்கிய சின்ன சி.என்.சி. ரவுட்டர். கணினி சொல்லும் பாதையில் நகர்ந்து நகர்ந்து, சுழலும் பிட்டால் பலகையைச் செதுக்கும். பொறியியல் முடித்துவிட்டு ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே உதிரிபாகங்களை வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வரைந்தது எதுவும் கைக்கு வராத எரிச்சலில் வாங்கியதுதான் அது.

முதலில் பெயர்ப்பலகை, சாவிக்கொத்து. சீக்கிரமே அலுத்துவிட்டது. பிறகு ஒரு வீடியோவில் வெளிச்சப் படத்தைப் பார்த்தேன். வெள்ளை அக்ரிலிக் பலகையில் ஒருவர் முகத்தைச் செதுக்குவது. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே மெல்லிசாகச் சீவ வேண்டும். எங்கே இருட்டு வேண்டுமோ அங்கே கனமாக விட்டுவிட வேண்டும். கையில் எடுத்துப் பார்த்தால் கொத்தனார் பாதியில் விட்டுப்போன சுவர் மாதிரி இருக்கும். பின்னால் ஒரு எல்.இ.டி. பட்டையை எரியவிட்டால், ஆள் வந்து நிற்பார்.

அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் நாயைச் செதுக்கினேன், மலைக்கோட்டையைச் செதுக்கினேன், என்னையே செதுக்கினேன். தேங்காய்த் துருவல் மாதிரி வெள்ளைத் தூள் படிக்கட்டு வரை வந்தது. அம்மா துடைப்பத்தோடு நின்று, "உன் வயசுல எனக்கு நீ நடந்துக்கினு இருந்த. நீ இன்னும் தூள் பெருக்கிக்கினு இரு" என்றார்.

அம்மா அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. கச்சிராயபாளையத்தில் இருக்கும் சித்தியின் மகளுக்கு, என்னைவிடச் சின்னவளுக்கு, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை கள்ளக்குறிச்சி. பத்திரிகை வைக்கிற சாக்கில் ஒருநாள் டவுன் பஸ் பிடித்துத் தனியாக வந்தாள். நேரே மொட்டை மாடிக்கு ஏறினாள். எரிந்துகொண்டிருந்த நாயின் படத்தை முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, எங்கப்பாவ இப்படிப் பண்ணித் தருவியா?"

சித்தப்பா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கரும்புத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போனவர், நெஞ்சு வலி என்று வரப்பில் உட்கார்ந்தார்; எழுந்திருக்கவில்லை. எங்கள் பக்கம் பெண்ணை மணையில் உட்கார வைக்கும் முன், இறந்த தகப்பன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட வைப்பார்கள்.

"அதான் வூட்ல பெரிய படம் மாட்டியிருக்குதே" என்றேன்.

"அது எங்கப்பாவா? அது யாரோ பேங்க் மேனேஜர்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை நீங்களும் ஏதாவது ஒரு வீட்டில் பார்த்திருப்பீர்கள். ரேஷன் கார்டிலோ ஆதாரிலோ இருக்கிற தலையை வெட்டி, ஸ்டுடியோக்காரர் ஒரு நீலக் கோட்டின் மேல் உட்கார வைத்திருப்பார். டை இருக்கும். பின்னால் மேகம் இருக்கும். சித்தப்பா வாழ்நாளில் கோட்டைத் தொட்டதுகூட இல்லை. கழுத்துக்கும் தலைக்கும் நிறமே ஒட்டாது.

"நான் அதுங்கிட்ட விழுந்து கும்புட மாட்டேன்கா. கும்புட்டா எனக்கு அந்தக் கோட்டுதான் ஞாபகத்துல நிக்கும். ஏற்கெனவே அவுரு மூஞ்சி கொஞ்சம் கொஞ்சமா மறந்துகினே போவுது" என்றாள். பிறகு கைப்பேசியைத் திறந்து வேறொரு படத்தைக் காட்டினாள். கல்வராயன் மலைக்குக் குடும்பத்தோடு போனபோது கரியாலூர்ப் பக்கம் ஒரு அருவியில் எடுத்தது. பனியன், தலைமேல் ஈரத் துண்டு, வெயிலுக்குச் சுருங்கிய கண், வாய் நிறையச் சிரிப்பு. மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. அவர்தான். சந்தேகமே இல்லை.

அவள் பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்ததுமே சித்தியிடமிருந்து போன் வந்துவிட்டது.

"இன்னாடி பண்றீங்க ரெண்டு பேரும்? மாப்ள வூட்டுக்காரங்க அத்தினி பேரும் வர்றச்சொல்ல அவுரு பனியனோட நிக்கணுமா?"

"சித்தி, அவ ஆசப்படறா…"

"எனக்கு ஆச இல்லயா? எங்க கல்யாணத்துக்கே உங்க சித்தப்பா அவுங்க அண்ணன் சட்டயதான் போட்டுக்கினு வந்தாரு, தெரியுமா உனக்கு? ஸ்டுடியோக்காரன் கோட்டு போட்டுடலாமாக்கான்னு கேட்டான். போடுப்பான்னேன். செத்த பொறவாவது போட்டுக்கட்டுமேன்னு."

அந்தக் கோட்டைப் பார்த்து நானும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். கடைசியில் சித்தியே இறங்கி வந்தார். கோட்டுப் படம் மேடையில் இருக்கும். நான் செய்வதை மண்டபத்தில் மணப்பெண் அறைக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளியே கொண்டுவரக் கூடாது.

கம்பெனி வேலை, இதர வேலை என்று நாள் ஓடி, கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் பலகையை மேசையில் பூட்டினேன். கையில் இருந்தது அந்த ஒரே பலகை. சென்னையிலிருந்து வரவேண்டிய மற்றவை வரவில்லை. நான்கு மூலைகளையும் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். நடுவில் இரட்டைப் பக்க டேப் ஒட்ட வேண்டும், எனக்குத் தெரியும். பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, மேசையைத் துடைத்து, புதிதாக ஒட்டி… யாருக்குப் பொறுமை? மூலை இறுகினால் போதும் என்று ஓடவிட்டேன்.

பிட் வரிசை வரிசையாகப் போய் வந்தது. நான் கீழே இறங்கினேன், மேலே ஏறினேன், காபி குடித்தேன், கல்யாணத்துக்கு எடுத்துப்போக வேண்டிய புடவையை இஸ்திரி போட்டேன், மறுபடியும் ஏறினேன். வாய் வந்திருந்தது. பல் இல்லாத இடம் வந்திருந்தது. மூக்கும் வந்துவிட்டது. நெற்றியைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது சத்தம் மாறியது. கடகடவென்று ஒரு தட்டல். ஓடிப்போய் நிறுத்துவதற்குள் பிட் பலகையைத் துளைத்துவிட்டது.

மூலைகளை இறுக்க இறுக்கப் பலகை நடுவில் அப்பளம் போல உப்பியிருக்கிறது. அங்கே பிட் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியிருக்கிறது. அருவித் தண்ணீர் பட்டு வெயிலில் பளபளத்த நெற்றிதான் படத்திலேயே வெள்ளையான இடம். ஆக, பலகையிலேயே மெல்லிசான இடமும் அதுதான். துவரம்பருப்பு அளவுக்கு ஓர் ஓட்டை. சரியாக நடு நெற்றியில்.

மிச்சத்தை ஓட்டி முடித்தேன். விளக்கைப் போட்டேன். சித்தப்பா சிரித்தார். நெற்றியிலிருந்து டார்ச் அடித்த மாதிரி வெளிச்சம் என் கண்ணைக் குத்தியது.

அவளுக்குப் போன் செய்து, "ஒண்ணு சொன்னா அழக் கூடாது" என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். பின்னணியில் பந்தல்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"வாய் இருக்குதா?" என்றாள்.

"இருக்குது."

"சிரிப்பு?"

"அது நல்லா வந்திருக்குதுடி."

"அப்ப எடுத்துக்கினு வா."

பலகையை ஒரு துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ்ஸில் போனேன். பக்கத்தில் இருந்த பெண்மணி, "கல்யாணத்துக்கு செய்யற முறையா? கண்ணாடியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மண்டபத்தில் பெண் அறையில், அலமாரிக்குப் பக்கத்தில் பலகையை, கூடவே கொண்டுவந்த எல்.இ.டி. விளக்குப் பெட்டியில் பொருத்தி நிறுத்தினேன். விளக்கைப் போடவில்லை. சித்தி இல்லாத நேரமாகப் பார்த்துப் போடலாம் என்று ஒத்திப்போட்டேன்.

விடிந்தது. பெண்ணுக்குத் தலைசீவிக்கொண்டிருந்தார்கள். நான் சுவிட்சைத் தட்டவும் சித்தி பூக்கூடையோடு உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. கூடையை அப்படியே தரையில் வைத்தார். தங்கை தலைப்பின்னலோடு திரும்ப முடியாமல், "அம்மா, அம்மா?" என்றாள்.

சித்தி கிட்டே போனார். "பல்லு கட்டிக்கச் சொல்லி எத்தினி தடவ சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு, "நெத்தில இன்னாடி வெளிச்சம் குத்துது?"

"ஓட்ட விழுந்திடுச்சு சித்தி. அவசரப்பட்டுட்டேன்."

"நீ எதுல அவசரப்படல?" என்றபடி பெண்ணுக்கு வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தை எடுத்தார். மோதிர விரலால் கெட்டியாக ஒரு சந்தனப் பொட்டு, ஓட்டையை அடைத்து. அதன்மேல் குங்குமம். இறந்தவர் படத்துக்கு எல்லா வீட்டிலும் வைக்கிற பொட்டுதான். பின்னாலிருந்து வந்த வெளிச்சத்தில் அது நெற்றியிலேயே இட்ட மாதிரி கறுப்பாகத் தெரிந்தது.

இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். "ஒயர் எவ்ளோ நீளம்டி?"

"ஏன் சித்தி?"

"மேடை வரைக்கும் எட்டுமா?"

நான் மண்டபத்துச் சமையற்கட்டு வரை ஓடி எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடிக்கொண்டு வந்தேன். கோட்டுப் படத்தைச் சித்தி தானே தூக்கிவந்து பெண் அறையில், சுவர் ஓரமாக மரியாதையாக நிறுத்தினார். அதற்கும் ஒரு முழம் பூ போட்டார்.

மேடையில் இன்னொரு வம்பு. வீடியோக்காரரின் போகஸ் லைட் முன்னாலிருந்து அடித்ததும் சித்தப்பா மறைந்துபோனார். வெறும் வெள்ளைப் பலகை. "அண்ணே, லைட்ட கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கண்ணே" என்றேன். "விட்டா கல்யாணத்தையே அந்தப் பக்கம் திருப்பச் சொல்லுவம்மா நீ" என்று முனகிக்கொண்டே திருப்பினார். சித்தப்பா மெல்லத் திரும்பி வந்தார். தங்கை பட்டுப்புடவை சரசரக்க விழுந்து கும்பிட்டாள். எழுந்தவள் உடனே நகரவில்லை. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐயர் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.

சந்தனம் காய்ந்துகொண்டிருந்ததை நான் மட்டும்தான் கவனித்தேன். ஓரம் வெடித்தது. நான் மேடையில் ஏறலாமா வேண்டாமா என்று கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும்போதே, மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கிப் பெண் பக்கம் திரும்பிய நேரத்தில், பொட்டு மொத்தமாகக் கழன்று விழுந்தது. நெற்றியிலிருந்து வெளிச்சம் நேரே மாப்பிள்ளையின் முகத்தில் அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கினார்.

முன்வரிசையிலிருந்து என் தாய்மாமன் குரல் வந்தது: "மாப்ள, ஜாக்கிரத! மச்சான் நெத்திக்கண்ணத் தொறந்துட்டாரு!"

மண்டபமே சிரித்தது. சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். குனிந்த தலையோடு தாலிக்குக் காத்திருந்தவள் அடக்க முடியாமல் வாய் நிறையச் சிரித்துவிட்டாள். வீடியோவில் அப்படியேதான் இருக்கிறது: பின்னால் சித்தப்பா, முன்னால் அவள், இரண்டு பேருக்கும் ஒரே வாய்.

கல்யாணம் முடிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பலகைகள் வந்த அன்றே, நடுவில் டேப் ஒட்டி, அதே படத்தை ஓட்டையில்லாமல் செதுக்கிக் கச்சிராயபாளையத்துக்கு எடுத்துப்போனேன். சித்தி விளக்கைப் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது. உன் வூட்லயே வெச்சிக்கோ" என்றார். அது இப்போது என் அறையில், நாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை மறுபடியும் போயிருந்தேன். ஓட்டையை அடைக்கத் துவரம்பருப்பு அளவில் ஓர் அக்ரிலிக் துண்டைச் செதுக்கிப் பைக்குள் வைத்திருந்தேன். கோட்டுப் படமும் வெளிச்சப் படமும் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. காலையில் வைத்த சந்தனம் மாலைக்குள் கழன்று கீழே கிடந்தது. சித்தி கிண்ணத்தை எடுத்துவந்து சந்தனத்தைக் குழைத்தார்.

"செத்த நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா நீங்க?" என்று சித்தப்பாவை அதட்டிக்கொண்டே நெற்றியை அடைத்தார்.

நான் பையின் ஜிப்பை மூடினேன்.