காலி நாற்காலிக்கு ஒரு ஜெபம்

நான் மைசூர்ல அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்த நேரம் பார்த்து என்னை கர்நாடகாவோட வடக்குக் கோடியில இருக்கிற பீதருக்கு மாத்தினாங்க. மைசூர் எங்கே, பீதர் எங்கே! அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிட யார் இருக்கா? பெங்களூர்ல அரசு ஊழியர் கேஸ் பார்க்கிற தீர்ப்பாயத்துக்குப் போய் மாறுதலுக்கு இடைக்காலத் தடை வாங்கினேன். தீர்ப்பு வர்றவரைக்கும் அது நிக்கும்.

அங்கே பெஞ்சுல ரெண்டு பேர் உட்காரணும். ஒருத்தர் நீதிபதி, இன்னொருத்தர் ரிட்டயர்டான அரசு அதிகாரி. அதிகாரியோட நாற்காலி காலி. அவர் இல்லாம தீர்ப்பு கிடையாது. "மெம்பர் இல்லை, அடுத்த தேதி"ன்னு சொன்னதும் ஜனங்க தலையில அடிச்சிக்கிட்டுத் திரும்புவாங்க. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள கொண்டாட்டம்.

அந்த நாற்காலிக்கான நியமனத்தை என் மாதிரி யாரும் கண்கொத்திப் பாம்பா கவனிச்சிருக்க மாட்டாங்க. தேர்வுக் குழு கூடிச்சாம், பேட்டி எடுத்தாங்களாம், பேர் டெல்லிக்குப் போச்சாம். ஒவ்வொண்ணுக்கும் சர்ச்சில முட்டி போட்டு, "மாதாவே, அந்த ஃபைலை யாரும் தொடக் கூடாது"ன்னு வேண்டிக்குவேன். தீர்ப்பாய வராந்தாவில பென்ஷன் கேஸ்காரர் ஒருத்தர், "மெம்பர் சீக்கிரம் வரணும்னு ஜெபம் பண்ணும்மா"ன்னார். தலையை ஆட்டி வெச்சேன். வேற என்ன பண்றது!

மாதா கேட்கலை. அறிவிப்பு வந்துடுச்சு. மெம்பர் ரொம்பக் கறாராம், சர்வீஸ்ல யாருக்கும் மசியாதவராம். போச்சுடான்னு உட்கார்ந்துட்டேன்.

என் கேஸைக் கூப்பிட்டாங்க. புது மெம்பர் பேப்பரைப் புரட்டிட்டு அரசு வக்கீலைப் பார்த்து கன்னடத்துல கேட்டார்: "நானே எத்தனையோ மாறுதல் போட்டவன். புருஷன் படுக்கையில கிடந்தா விலக்கு உண்டுன்னு உங்க விதியிலேயே இருக்கே, யாரும் படிக்கலையா?" நீதிபதியும் இவரும் குனிஞ்சு ரெண்டு வார்த்தை பேசிக்கிட்டாங்க. மாறுதல் ரத்து. அவ்வளவுதான்! அட கடவுளே, இந்த மனுஷன் வரக் கூடாதுன்னா நான் முட்டி தேய வேண்டிக்கிட்டேன்?

வெளியே வந்து வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "எல்லாம் முடிஞ்சுதுங்க. நான் எங்கேயும் போகலை." அவர் குழறிக் குழறிக் கேட்டார்: "அப்போ இன்னிக்கு நான் தூங்கலாமா?"

ராத்திரியெல்லாம் நான் ஒருத்திதான் முழிச்சிக் கிடக்கேன்னு நினைச்சிருந்தேன்.