அக்காவுக்குச் சேர்ந்த ரத்தம்: ஜொகூர் பாருவிலிருந்து சிகாமட்டுக்கு

சிகாமட்டுக்கு ரயிலில் போகலாமா, பஸ்ஸில் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் ரயிலைத்தான் சொல்வேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்பு, அப்பாவோடு முதல் முறை அந்த வழியில் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. லூர்து அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடனே வரவும் என்று சிகாமட் ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி.

லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி ஓட்டிய சவரிமுத்துவை அக்கா கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவரும் எங்களைப் போலக் கத்தோலிக்கர்தான். ஆனால் வேறு சாதி. "நம்ம ரத்தத்துல அது சேராது" என்று சொல்லிக் கல்யாணத்துக்கே போகாத அப்பா, அதன்பிறகு அக்கா பெயரையும் சொன்னதில்லை. அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவரை அப்படி இருக்க விட்டிருக்க மாட்டாள். தந்தியைப் படித்ததும் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். "கெளம்புடா."

காலை வண்டி, மூன்றாம் வகுப்பு, மரப் பெஞ்சு. நூறு மைலுக்குக் கொஞ்சம் அதிகம். மழை இல்லாத நாளில் மத்தியானத்துக்குள் போய்விடலாம். கூலாய், ரெங்கம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தோட்டத்து ஆட்கள் கோழியும் குடையுமாக ஏறினார்கள். ஜன்னல் வழியே கரித்தூள் பறந்து வந்து சட்டையில் ஒட்டியது. அந்தக் கரிப்புகை வாசனைக்காக இன்று எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போவேன். குளுவாங்கில் வாங்கிய காப்பியை அப்பா குடிக்கவே இல்லை. ஆறும்வரை கையில் பிடித்திருந்தார். பாலோ தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தண்டவாளம் ஓரமெல்லாம் தண்ணீர், வண்டி ஊர்ந்தது.

சிகாமட்டில் இறங்கியபோது பொழுது சாய்ந்திருந்தது. "ஆஸ்பத்திரிக்கா? அலமாக், ரோடெல்லாம் தண்ணி. மெதுவாத்தான் போலாம் லா" என்று மலாய் கலந்த தமிழில் சொல்லித்தான் மாட்டுவண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருந்த சவரி மாமா எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அப்பா அவரைத் தாண்டி உள்ளே போனார். குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது; அக்காவின் உதடு வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "நீங்கள் தகப்பனோ? ரத்தம் ஏத்தினால்தான் பிழைப்பா. ஆர் குடுக்கிறது?"

"பெத்தவன் நான் இருக்கேன். எடுங்க" என்று அப்பா கையை நீட்டினார்.

அக்காவின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரைக் கண்ணாடித் துண்டில் விட்டு, அதில் அப்பாவின் ரத்தத்தைத் துளி கலந்தார் டாக்டர். பால் திரிந்தது போல அது சிவப்பாகத் திப்பி திப்பியாகத் திரண்டது.

"சேராது ஐயா. இதை ஏத்தினால் உங்கட மகளின்ர உயிருக்கே ஆபத்து."

என்னுடையதும் அப்படியே திரண்டது. டாக்டர் சவரி மாமாவைக் கூப்பிட்டார். அவருடைய துளி அப்படியே வழவழப்பாகப் பரவி நின்றது.

"இன்னொரு தரம் பாருங்க டாக்டர்" என்றார் அப்பா. மறுபடி பார்த்தார்கள். அதேதான்.

சவரி மாமா பெஞ்சில் படுத்தார். கையிலிருந்து ரத்தம் பாட்டிலுக்குள் இறங்க, அப்பா அவர் தலைமாட்டில் போய் நின்றார். ஊசி இறங்கிய கையையே பார்த்தார். பிறகு மெதுவாக, "வலிக்குதா மாப்பிள்ள?" என்றார்.

"இல்லீங்க மாமா. எவ்வளவு வேணுமோ எடுத்துக்கட்டும். அவ பொழைச்சா போதும்."

அக்காவின் உதட்டில் நிறம் திரும்பியதைப் பார்த்துவிட்டு அப்பா வராந்தாவுக்கு வந்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். அந்த வருடக் கிறிஸ்துமஸ் எங்களுக்கு லாபிஸ் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான சவரி மாமாவின் லயத்து வீட்டில்.

நான் பிறகு விஞ்ஞான வாத்தியாரானேன். அந்தக் கண்ணாடியில் நடந்தது என்னவென்று ரொம்ப வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ரத்த அணுவின் மேல்பரப்பில் ரோமம் மாதிரிச் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. எனக்கும் அப்பாவுக்கும் அவற்றின் நுனியில் ஒரு சர்க்கரை கூடுதல். அக்காவுக்கும் சவரி மாமாவுக்கும் அது இல்லை. வயிற்றில் வாழும் சில கிருமிகளின் மேலும் அதைப் போன்ற சர்க்கரை உண்டாம். அதைப் பார்த்துத்தான் உடம்பு சின்ன வயதிலேயே 'இது என்னுடையது இல்லை' என்று கற்றுக்கொள்கிறது என்கிறார்கள். நோயிலிருந்து காக்கும் அதே காவல் அன்று பெற்ற தகப்பனின் ரத்தத்தையும் எதிரியாக நினைத்து மடக்கியது.

போகிறவர்களுக்கு: மழைக்காலத்தைத் தவிருங்கள், சிகாமட்டில் ஆறு இன்றும் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குள் வரும். ரத்த வகையைத் தெரிந்து வைத்துக்கொண்டு புறப்படுங்கள். நேரமிருந்தால் வழியில் லாபிஸில் இறங்கிப் பார்த்துவிட்டு அடுத்த வண்டி பிடியுங்கள். அப்பா தன் கடைசிக் காலத்தை அங்கே மாப்பிள்ளை வீட்டில்தான் கழித்தார். ஜொகூர் பாருவில் அம்மா பக்கத்தில் இடம் இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "சவரி இருக்கற ஊர்லயே என்னைப் பொதைங்கடா" என்றார். அப்படியே செய்தோம்.